எதிர்ப்பு ரகம் போட்டும் நெல் ஏன் கருகுகிறது: பாக்டீரியா செடியின் பாதுகாப்பைக் கடக்கும் விதம்

கேள்வி இதுதான்: செடிக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி உண்டு என்கிறார்கள், எதிர்ப்பு ரகம் என்று சொல்லி விதையும் விற்கிறார்கள், அப்படியும் பாக்டீரியா எப்படி உள்ளே புகுந்து வயலைக் காயவைக்கிறது? சுருக்கமான பதில், ஜெயிக்கிற பாக்டீரியா செடியின் பாதுகாப்போடு பெரும்பாலும் நேருக்கு நேர் மோதுவதில்லை. செடியின் சொந்த ஏற்பாடுகளையே தனக்கு வேலை செய்ய வைத்துவிடுகிறது. எந்த ஏற்பாட்டை, எப்படி என்பதில்தான் எதிர்ப்பு ரகங்கள் ஏன் சில சமயம் கைகொடுக்கின்றன, ஏன் சில வருஷத்தில் கைவிடுகின்றன என்பதற்கான காரணமும் இருக்கிறது. எல்லாப் பயிரையும் பொதுவாகப் பேசினால் எதுவும் மனதில் நிற்காது என்பதால் நெல்லில் வரும் பாக்டீரியா இலைக்கருகல் நோயை எடுத்துக்கொள்கிறேன். உலகத்தில் மிக ஆழமாக ஆராயப்பட்ட பயிர் நோய்களில் அது ஒன்று, நம் சம்பா, தாளடி வயல்களுக்கும் பழக்கமானது. இலையுறை கருகல் என்று ஒன்று உண்டு, அது பூஞ்சை நோய், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நோய்க்காரணி சாந்தோமோனாஸ் ஒரைசே என்ற பாக்டீரியா. ஜப்பானின் ஃபுகுவோகா பகுதியில் 1884-லேயே விவசாயிகள் இந்த நோயைக் கவனித்திருக்கிறார்கள். இந்தியாவில் இது பெரிய அளவில் கவனத்துக்கு வந்தது 1963-ல் பீகாரின் ஷாகாபாத் மாவட்டத்தில் கொள்ளைநோய் போலப் பரவியபோது. அதற்குப் பிறகு குட்டை ரகங்களும் தழைச்சத்து உரமும் பரவிய இடத்துக்கெல்லாம் இதுவும் கூடவே போனது. இலை நுனியிலோ ஓரத்திலோ தொடங்கி, அலை அலையான விளிம்போடு மஞ்சளாகி, வைக்கோல் நிறமாகி, கீழ்நோக்கி இறங்கும். நட்ட சில வாரங்களிலேயே தாக்கினால் பயிர் முழுசாகச் சுருண்டு வாடிப்போகும், அந்தக் கட்டத்துக்கு கிரெசெக் என்று பெயர். சந்தேகமிருந்தால் நோய் கண்ட இலையைக் குறுக்கே வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தெளிந்த தண்ணீரில் நிறுத்திப் பாருங்கள், வெட்டிய முனையிலிருந்து பால்போல ஒரு கலங்கல் வழியும். அத்தனையும் பாக்டீரியா.

நுனியிலும் ஓரத்திலும் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. நெல் இலையின் ஓரத்தில் நீர்த்துளைகள் உண்டு, விடிகாலையில் இலை நுனியில் முத்து முத்தாக நிற்கும் நீர் அந்தத் துளைகள் வழியாக வருவதுதான். வெயில் ஏறும்போது அந்தத் துளியில் கொஞ்சம் திரும்ப உள்ளே இழுக்கப்படும், அதில் நீந்திக்கொண்டிருக்கும் பாக்டீரியாவும் கூடவே போகும். உள்ளே போனால் நேராக நீர்க்குழாய்தான், சைலம். சைலக் குழாயின் செல்கள் முதிர்ந்ததும் இறந்துவிடுபவை. பாதுகாப்பு நடவடிக்கை எடுப்பதென்றால் செல் உயிரோடு இருக்க வேண்டும், எனவே இந்தப் பாக்டீரியா குடியிருக்கத் தேர்ந்தெடுத்த இடமே பாதி வெற்றி. சுற்றியிருக்கிற உயிருள்ள செல்கள்தான் அதற்குப் பிரச்சினை. அப்புறம் காயங்கள் இருக்கின்றன: புயல் காற்றில் இலைகள் ஒன்றோடொன்று உரசி கிழிவதும், நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டு நடுவதும் பாக்டீரியாவுக்கு வாசல் திறந்துவிடுவதற்குச் சமம்.

சரி, அந்த உயிருள்ள செல்கள் என்ன செய்கின்றன? நமக்கு இருப்பதுபோல ரத்தத்தில் சுற்றிவரும் வெள்ளை அணுக்களோ ஆன்டிபாடியோ செடிக்குக் கிடையாது. ஒவ்வொரு செல்லும் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காகச் செல்லின் மேற்பரப்பில் ஏற்பிப் புரதங்கள் உண்டு. பாக்டீரியாவிடம் இல்லாமல் போகவே முடியாத சில பொருட்களை இவை அடையாளம் காணும். நன்றாக அறியப்பட்ட உதாரணம் ஃபிளாஜெலின், பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் வாலின் புரதம். அதில் 22 அமினோ அமிலம் (புரதம் கோக்கப்படும் மணிகள்) கொண்ட ஒரு சிறு துண்டு பட்டாலே போதும், சில நிமிடங்களுக்குள் செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வீரியமான ஆக்சிஜன் சேர்மங்கள் வெளியே கொட்டப்படுகின்றன, செல்சுவர் கேலோஸ் என்ற பொருளால் தடிப்பாக்கப்படுகிறது, பாதுகாப்பு மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் விழிக்கின்றன. நம்மைச் சுற்றியுள்ள பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பான்மை ஒரு நெல் இலையில் நோய் உண்டாக்க முடியாமல் போவதற்கு இந்த முதல் அடுக்கே போதுமான காரணம். நோய்தான் விதிவிலக்கு என்பதை மறந்துவிட்டு பலர் இந்த விஷயத்தைப் பேசுகிறார்கள்.

விதிவிலக்காக வருபவை செய்யும் முதல் காரியம் தெரியாமல் இருந்துகொள்வது. கத்தரி, தக்காளி, இஞ்சியை வாடவைக்கும் ரால்ஸ்டோனியாவின் வால் புரதத்தில் அந்த 22 அமினோ அமிலத் துண்டே மாறிப்போயிருக்கிறது, பெரும்பாலான செடிகளின் ஏற்பிக்கு அது பிடிபடுவதில்லை. சூடோமோனாஸ் என்ற இன்னொரு பாக்டீரியா இனத்தில் சில வேறு வழி வைத்திருக்கின்றன: உடைந்து உதிரும் ஃபிளாஜெலினைச் செடி கண்டுபிடிக்கும் முன்பே சிதைத்துவிடும் ஒரு நொதியை வெளியே விடுகின்றன. சாந்தோமோனாஸ் குடும்பத்தின் பெரிய சொத்து அது சுரக்கும் பிசின், சாந்தன். ஐஸ்கிரீமிலும் சாஸிலும் கெட்டித்தன்மைக்குச் சேர்க்கிறார்களே சாந்தன் கம், அது இதே இனத்தைச் சேர்ந்த வேறொரு பாக்டீரியாவை வளர்த்து எடுப்பதுதான். இந்தப் பிசின் பாக்டீரியாவைப் பூச்சுபோல மூடுவதோடு நிற்கவில்லை. அதில் எதிர்மின்னேற்றம் அதிகம் என்பதால் செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அபாயச் சமிக்ஞைக்காகச் செல்லுக்குள் பாய வேண்டிய அதே கால்சியத்தை. இவற்றையும் மீறிக் கொட்டப்படும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சமாளிக்க கேட்டலேஸ் போன்ற நொதிகளும் பாக்டீரியாவிடம் கையிருப்பில் உண்டு.

வாசலிலேயே நடக்கும் ஒரு சண்டையையும் சொல்லிவிடுகிறேன், இது தக்காளி சூடோமோனாஸின் கதை. பாக்டீரியா மேலே விழுந்ததும் இலைத்துளைகளை மூடிக்கொள்வது செடியின் பழக்கம். 2006-ல் மெலோட்டோ, ஷெங் யாங் ஹீ குழுவினர் காட்டியது என்னவென்றால், சில மணி நேரத்தில் அந்தத் துளைகள் மறுபடி திறந்துவிடுகின்றன, காரணம் பாக்டீரியா தயாரிக்கும் கோரோனட்டின் என்ற நச்சு. அதன் வடிவம் செடியின் சொந்த ஜாஸ்மோனேட் ஹார்மோனை அப்படியே ஒத்திருக்கிறது. பூச்சி கடித்தால் எழும் சமிக்ஞை ஜாஸ்மோனேட், பாக்டீரியாவுக்கு எதிராக எழுவது சாலிசிலிக் அமிலம், ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். பூச்சி வந்திருக்கிறது என்று செடியை நம்பவைத்துவிட்டு பாக்டீரியா உள்ளே போகிறது. செடியின் ஏற்பாட்டையே தனக்கு ஆதரவாக்கிக்கொள்வது என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது.

மறுபடி நெல்லுக்கு வருவோம். மறைந்தே இருந்தால் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு கிடைக்காது. செல்சுவரை உடைக்க வேண்டும், அதற்கு செல்லுலேஸ், லிப்பேஸ் வகை நொதிகளை வெளியே விட வேண்டும், ஆனால் சுவர் உடையும்போது விழும் துண்டுகளையே செடி அபாய அறிவிப்பாக எடுத்துக்கொள்கிறது. ஆக, உடைத்தால் மாட்டிக்கொள்ளும், உடைக்காவிட்டால் பட்டினி. இந்த முடிச்சை அழகாக அவிழ்த்தது ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் ரமேஷ் சோன்டியின் குழு. சாந்தோமோனாஸின் சுவர் உடைக்கும் நொதியைத் தனியாகப் பிரித்து நெல் இலைக்குக் கொடுத்தால் நெல் பலமாக எதிர்க்கிறது, பாக்டீரியாவே முழுசாக வரும்போது அந்த எதிர்ப்பு எழாமல் அமுங்கிவிடுகிறது. அமுக்குவது யார் என்று தேடிப்போய் 2013-ல் நான்கு புரதங்களைச் சுட்டிக்காட்டினார்கள்: சாப்-என், சாப்-க்யூ, சாப்-எக்ஸ், சாப்-இசட். நான்கில் ஒன்று இருந்தாலும் ஓரளவு ஒப்பேறிவிடுகிறது, நான்கையும் எடுத்துவிட்டால் பாக்டீரியா திணறுகிறது. ஒரே வேலைக்கு நான்கு பேரை வைத்திருக்கிறது என்றால் அந்த வேலை அதற்கு எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள்.

இந்தப் புரதங்கள் செல்லுக்குள் போவது எப்படி? நோய் உண்டாக்கும் பல பாக்டீரியாக்களிடம் ஊசிபோல ஒரு கருவி இருக்கிறது, மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு என்பார்கள். பாக்டீரியாவின் உட்புறத்திலிருந்து தொடங்கி அதன் இரண்டு சவ்வுகளையும் தாண்டி, செடியின் செல்சுவரையும் துளைத்து, புரதத்தை நேராகச் செல்லுக்குள் இறக்கும். இந்த ஊசியைக் கட்டும் மரபணுக்களை முடக்கிவிட்டால், மற்ற எல்லாம் இருந்தும் பாக்டீரியாவால் நோயை உண்டாக்க முடியாது. என்னைக் கேட்டால் பிசின், நச்சு, நொதி எல்லாவற்றையும்விட முக்கியமான ஆயுதம் இதுதான், பயிர் பாக்டீரியா நோய்களைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். உள்ளே இறங்கும் புரதங்களுக்கு எஃபெக்டர் என்று பெயர். ஒன்று ஏற்பிக்குக் கீழே சமிக்ஞையைக் கடத்தும் கைனேஸ் புரதத்தைப் பிடித்து நிறுத்தும், இன்னொன்று பாதுகாப்புப் புரதத்துக்கு அழிப்பு முத்திரை குத்தி செல்லின் குப்பை அகற்றும் அமைப்பிடமே ஒப்படைத்துவிடும்.

நெல் சாந்தோமோனாஸிடம் இவற்றோடு இன்னொரு வகையும் இருக்கிறது, டால் எஃபெக்டர்கள். இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும், ஏனென்றால் எதிர்ப்பு ரகங்களின் சூட்சுமம் பெரும்பாலும் இதைச் சுற்றித்தான். டால் புரதம் செல்லுக்குள் இறங்கியதும் எங்கும் நிற்காமல் நேராக உட்கருவுக்குப் போகிறது, நெல்லின் டிஎன்ஏவில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் உட்கார்ந்து பக்கத்தில் இருக்கும் மரபணுவை இயக்கிவிடுகிறது. அதாவது நெல்லின் மரபணுவை எப்போது, எவ்வளவு இயக்குவது என்பதைப் பாக்டீரியா முடிவு செய்கிறது. எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்? டால் புரதத்தின் நடுப்பகுதியில் ஏறக்குறைய ஒரே மாதிரியான துண்டுகள் வரிசையாக வரும், ஒவ்வொன்றும் பெரும்பாலும் 34 அமினோ அமிலம், அதில் 12, 13-ஆம் இடங்களில் இருப்பவை மட்டும் துண்டுக்குத் துண்டு மாறும். அந்த இரண்டும் சேர்ந்து டிஎன்ஏவின் ஒரு எழுத்தைப் படிக்கின்றன. ஹிஸ்டிடினும் ஆஸ்பார்டிக் அமிலமும் வந்தால் சைட்டோசின், ஆஸ்பரஜினும் ஐசோலூசினும் வந்தால் அடினின், ஆஸ்பரஜினும் கிளைசினும் வந்தால் தைமின். 2009-ல் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் இந்தக் குறியீட்டை வெளியிட்டன. அதற்குப் பிறகு டால் புரதத்தின் வரிசையைப் பார்த்தே அது நெல்லில் எங்கே போய் உட்காரும் என்று ஓரளவு கணிக்க முடிந்தது. நாமே விரும்பிய வரிசையில் புரதம் செய்து மரபணுவைத் திருத்தும் டாலென் தொழில்நுட்பமும் இதிலிருந்து பிறந்ததுதான்.

இவ்வளவு சிரமப்பட்டு நெல்லில் எந்த மரபணுவை இயக்குகிறது? சர்க்கரைக் கடத்திகளை. ஸ்வீட் என்ற பெயரில் செல்லிலிருந்து சர்க்கரையை வெளியே விடும் புரதங்கள் நெல்லில் இருபதுக்கு மேல் உண்டு. அவற்றில் மூன்று, ஸ்வீட்11, ஸ்வீட்13, ஸ்வீட்14, இந்தப் பாக்டீரியாவின் குறி. இலைச் செல்லில் சாதாரணமாக அடங்கிக் கிடக்கும் இந்த மரபணுவை டால் புரதம் உசுப்பியதும் சுக்ரோஸ் வெளியே கசிகிறது, சைலத்தின் நீர்த்த சாற்றில் பட்டினி கிடக்க வேண்டிய பாக்டீரியாவுக்குத் தீனி கிடைக்கிறது என்பதுதான் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம். பிலிப்பைன்ஸ் நெல்லிலிருந்து எடுக்கப்பட்டு உலகம் முழுக்க ஆய்வகங்களில் பயன்படும் ஒரு சாந்தோமோனாஸ் வகையில் 19 டால் மரபணுக்கள் இருக்கின்றன. அதில் ஸ்வீட்11-ஐ இயக்கும் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டால் நோய் படுத்துவிடுகிறது.

இப்போது எதிர்ப்பு மரபணுக்களைப் பாருங்கள், எல்லாம் ஒவ்வொன்றாகப் புரியும். எக்ஸ்ஏ13 என்று ஒரு எதிர்ப்பு மரபணு ரொம்ப நாளாக வளர்ப்பாளர்களுக்குத் தெரியும். ஆராய்ந்து பார்த்தால் அது ஸ்வீட்11-ஏதான்! மரபணு அப்படியே இருக்கிறது, அதன் முன்னால் டால் புரதம் உட்காரும் இடத்தில் மட்டும் எழுத்துகள் மாறியிருக்கின்றன. வந்த புரதத்துக்கு உட்கார இடமில்லை. ஸ்வீட்11-ஐயே ஒழித்துவிட்டால் போதுமே என்று தோன்றலாம், அப்படிச் செய்ய முடியாது, அதன் இயக்கத்தைக் குறைத்த செடிகளில் மகரந்தம் சரியாக வளராமல் மலட்டுத்தன்மை வந்தது. செடிக்கு அவசியமான ஒன்றைப் பாக்டீரியா பிடித்துவைத்திருக்கிறது, அதனால்தான் செடியால் அதைச் சுலபமாகக் கைவிட முடியவில்லை. எக்ஸ்ஏ5 வேறு மாதிரி: மரபணுக்களைப் படிக்கத் தொடங்கும் இயந்திரத்தில் உள்ள ஒரு புரதத்தை டால் புரதங்கள் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கின்றன, அந்தப் புரதத்தின் 39-ஆவது அமினோ அமிலம் ஒன்று மாறியதால் பிடி நழுவுகிறது. எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ5 இரண்டும் பின்தங்கு பண்புகள், இரண்டு பிரதிகளும் மாறியிருந்தால்தான் பலன். இவற்றில் செடி எதையும் கண்டுபிடித்து எதிர்க்கவில்லை, பாக்டீரியாவின் வேலை நடக்காமல் போகிறது, அவ்வளவுதான்.

எக்ஸ்ஏ27 இன்னும் சாமர்த்தியமானது. திருடன் போடுகிற அதே சுவிட்சில் அலாரத்தின் கம்பியையும் இணைத்து வைப்பதுபோல, ஒரு பாதுகாப்பு மரபணுவின் முன்னால் டால் புரதம் உட்காரும் இடம் அமைந்திருக்கிறது. டால் புரதம் வந்து உட்கார்ந்ததும் எதிர்ப்புதான் விழிக்கிறது. நோய்க்கு இலக்காகும் ரகத்திலும் அதே பாதுகாப்புப் புரதம் இருக்கிறது, முன்னால் அந்த இடம் மட்டும் இல்லை.

அடுத்தது எக்ஸ்ஏ1. இது செல்லுக்குள்ளே இருந்து எஃபெக்டர்களை அடையாளம் காணும் புரத வகையைச் சேர்ந்தது, நெல்லில் இந்த வகை மரபணுக்கள் 400-க்கும் மேல் உண்டு. எந்த டால் புரதம் வந்தாலும், அது எங்கே உட்கார்ந்தாலும், டால் என்ற அமைப்பையே கண்டுகொண்டு பலமான எதிர்ப்பை, சில சமயம் அந்தச் செல்லின் சாவையே, தூண்டிவிடும். கேட்க அற்புதமாக இருக்கிறது, ஆனால் ஆசியாவின் வயல்களில் எக்ஸ்ஏ1 பெரிதாக உதவவில்லை. காரணம் 2016-ல்தான் தெரிந்தது. ஆசிய சாந்தோமோனாஸ்களில் அரைகுறையாக வெட்டுப்பட்ட டால் மரபணுக்கள் சில கிடந்தன, எந்த மரபணுவையும் இயக்கும் திறன் இல்லாததால் பழுதான மிச்சங்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்த வெட்டுப்பட்ட டால்களின் வேலையே எக்ஸ்ஏ1-ஐ முடக்குவது. பயனில்லாதது என்று நாம் ஒதுக்கிய ஒன்று பாக்டீரியாவுக்கு உயிர்நாடி.

அப்புறம் எக்ஸ்ஏ21, இதன் கதை தனி. மாலி நாட்டைச் சேர்ந்த ஒரு காட்டு நெல், சாப்பிட உதவாதது, கட்டாக்கில் சோதித்தபோது எந்த வகை சாந்தோமோனாஸுக்கும் அசையாமல் நின்றது. பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் அதைப் பயிர் நெல்லோடு கலந்தார்கள், 1995-ல் கலிஃபோர்னியாவில் பமீலா ரொனால்டின் ஆய்வகம் மரபணுவைப் பிரித்தெடுத்தது. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிதான் அது. எதை அடையாளம் காண்கிறது என்பதில் குழப்பம் இருந்தது. பழைய கட்டுரைகளில் ஆக்ஸ்21 என்று ஒரு புரதத்தின் பெயரைப் படித்திருப்பீர்கள், அந்த 2009 கட்டுரை 2013-ல் அதே ஆய்வகத்தால் திரும்பப் பெறப்பட்டது, அதை மேற்கோள் காட்டாதீர்கள். சரியான விடை 2015-ல் வந்தது: ராக்ஸ்எக்ஸ் என்ற ஒரு சின்னப் பெப்டைடு, அதாவது சிறு புரதத் துண்டு, அதில் டைரோசின் என்ற ஒரு அமினோ அமிலத்தில் சல்ஃபேட் ஒட்டியிருக்க வேண்டும். இது செடியின் சொந்த வளர்ச்சி ஹார்மோன் பெப்டைடு ஒன்றை ஒத்திருக்கிறது. கோரோனட்டின் கதையேதான் மறுபடியும், பாக்டீரியா செடியின் பாஷையில் பேசுகிறது. எக்ஸ்ஏ21 இருக்கும் நெல் மட்டும் அந்தப் போலிக் குரலைப் பிடித்துவிடுகிறது. ஒரு குறையும் சொல்ல வேண்டும்: எக்ஸ்ஏ21 இளநாற்றில் பலமாக வேலை செய்வதில்லை, பயிர் வளர வளரத்தான் எதிர்ப்பு கூடும். எக்ஸ்ஏ21 மட்டும் உள்ள ரகத்தில் கிரெசெக் வந்தால் விதையில் ஏமாற்று என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

இதிலிருந்து எதிர்ப்பு ஏன் உடைகிறது என்பது தானாக வரும். எக்ஸ்ஏ1-உம் எக்ஸ்ஏ21-உம் பாக்டீரியாவிடம் உள்ள ஒரு பொருளைப் பார்த்து வேலை செய்பவை. பாக்டீரியா அந்தப் பொருளை மாற்றிக்கொண்டாலோ, இழந்தாலோ, மறைக்க வழி கண்டாலோ ரகம் மறுபடி நோய்க்கு இலக்காகிவிடும். ராக்ஸ்எக்ஸில் எழுத்து மாறிய சாந்தோமோனாஸ்கள் எக்ஸ்ஏ21 நெல்லிலும் நோயை உண்டாக்குகின்றன. எக்ஸ்ஏ4 என்ற மரபணுவை 1970-களில் ஐஆர் ரகங்கள் பலவற்றில் சேர்த்தார்கள், ஆசியா முழுக்க ஒரே மரபணு, பிலிப்பைன்ஸில் சில ஆண்டுகளுக்குள்ளேயே அதைக் கடக்கும் வகைகள் பெருகிவிட்டன. ஒரு கருகிய இலையில் கோடிக்கணக்கான பாக்டீரியா இருக்கிறது, லட்சக்கணக்கான ஏக்கரில் ஒரே மரபணுவை விதைத்தால் அதைக் கடக்கும் ஒரே ஒரு மாற்றம் எங்கோ ஓரிடத்தில் வந்தால்கூட அதற்கு அடுத்த வயலும் அதற்கடுத்த வயலும் திறந்தே கிடக்கும். எக்ஸ்ஏ13 வழியும் முழுப் பாதுகாப்பு அல்ல, ஸ்வீட்11-ஐத் தொட முடியாவிட்டால் ஸ்வீட்14-ஐயோ ஸ்வீட்13-ஐயோ இயக்கும் டால் கொண்ட பாக்டீரியா வந்துவிடும்.

அதனால்தான் ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுக்களை ஒரே ரகத்தில் சேர்க்கிறார்கள், அதுவும் ஒரே மாதிரி வேலை செய்பவற்றை அல்லாமல் வெவ்வேறு இடத்தில் மறிப்பவற்றை. இதற்கு நம் நாட்டிலேயே சிறந்த உதாரணம் இருக்கிறது. பிபிடி 5204 என்ற சம்பா மசூரி, ஆந்திராவின் பாபட்லாவில் இருந்து 1986-ல் வந்தது, தமிழ்நாட்டில் ஆந்திரா பொன்னி என்று பலருக்கும் தெரியும். சோற்றுக்கு அருமை, இலைக்கருகலுக்கு மகா பலவீனம். மேலே சொன்ன ஹைதராபாத் மையமும் அங்கேயே உள்ள நெல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து எக்ஸ்ஏ5, எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ21 மூன்றையும் அதில் சேர்த்து 2008-ல் மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியை வெளியிட்டார்கள். மரபணு மாற்றுப் பயிர் இல்லை, சாதாரணக் கலப்பினச் சேர்க்கைதான், டிஎன்ஏ அடையாளங்களைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று மரபணுவின் வேலையையும் சேர்த்துப் பாருங்கள்: ஒன்று போலிக் குரலைப் பிடிக்கிறது, ஒன்று டால் புரதத்தின் பிடியைத் தளர்த்துகிறது, ஒன்று அது உட்காரும் இடத்தையே எடுத்துவிடுகிறது. ஒரே பாக்டீரியா மூன்றையும் ஒரே சமயத்தில் கடக்க வேண்டும். டெல்லியில் 2007-ல் வெளியான மேம்படுத்தப்பட்ட பூசா பாஸ்மதி 1-லும் இதே வழிதான், அதில் எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ21 இரண்டு.

இதற்கு அடுத்த படியும் வந்துவிட்டது. 2019-ல் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து, ஸ்வீட்11, 13, 14 மூன்றின் முன்பகுதியிலும் டால் உட்காரும் இடங்களை மட்டும் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவி மூலம் திருத்தினார்கள், ஐஆர்64-லும் இந்தோனேசியாவின் சிஹெராங் வகையிலும். கடத்திப் புரதத்தைத் தொடவில்லை என்பதால் மகரந்தப் பிரச்சினை இல்லை. இது எவ்வளவு அவசரமான வேலை என்பதை டான்சானியா காட்டியது. அங்கே 2019 முதல் வயல்களில் இலைக்கருகல் திடீரென்று பெருகியது, மரபணு வரிசையைப் பார்த்தால் பாக்டீரியா ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆப்பிரிக்காவின் உள்ளூர் சாந்தோமோனாஸ்களிடம் அந்த வெட்டுப்பட்ட டால்கள் இல்லை, அதனால் அங்கே எக்ஸ்ஏ1 பலன் தந்திருக்கும். புதிதாக வந்தவை அவற்றோடு வந்தன. உள்ளூர் ரகமான கொம்போகாவில் இதே மூன்று இடங்களைத் திருத்தி, இரண்டு கண்டத்துப் பாக்டீரியாவையும் தாங்கும் நெல்லை 2023-ல் காட்டினார்கள். இந்தியாவில் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட இரண்டு மரபணு திருத்த நெல்களில் ஒன்று சம்பா மசூரியிலிருந்து வந்ததுதான், ஆனால் அதன் நோக்கம் மகசூல், இலைக்கருகல் எதிர்ப்பு அல்ல. அடுத்து செய்ய வேண்டியது எது என்று என்னைக் கேட்டால் இந்த ஸ்வீட் திருத்தத்தைத்தான் சொல்வேன்.

வயலில் இருப்பவருக்கு இதனால் என்ன? மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் பொடியைக் கொடுத்தால் வாங்குவதற்கு முன் யோசியுங்கள். பாக்டீரியா இருப்பது சைலத்துக்குள்ளே, இலைமேல் தெளிப்பது அங்கே போய்ச் சேருவது கொஞ்சம்தான், ஆனால் வயலில் உள்ள மற்ற பாக்டீரியாக்களுக்கு மருந்து எதிர்ப்பைப் பழக்கிவிடும், அது மனித மருத்துவத்துக்கும் ஆபத்து. தழைச்சத்தைப் பிரித்துப் பிரித்துப் போடுங்கள், பயிர் கொஞ்சம் வெளுத்ததுபோலத் தெரிகிறது என்று மேலுரமாக யூரியாவை அள்ளிப் போட்டால் தளதளவென்று வரும் இலைதான் முதலில் கருகும், நோய் தெரிந்த பிறகு யூரியா போடவே போடாதீர்கள். சாம்பல்சத்தைக் குறைக்காதீர்கள். நாற்றின் நுனியைக் கிள்ளாமல் நடுங்கள். நோய் கண்ட வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சாதீர்கள், அதில் பாக்டீரியா நீந்திக்கொண்டுதான் போகும். தாள்கட்டையிலும் தானாக முளைத்த நெல்லிலும் வரப்புப் புல்லிலும் அடுத்த பட்டம் வரை தங்கும் என்பதால் அவற்றையும் ஒழிக்க வேண்டும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசலைத் தெளிக்கச் சொல்கிறது, செலவில்லாதது, நோய் ஆரம்பத்தில் செய்து பார்க்கலாம், இலை பாதி வெளுத்த பிறகு எந்தத் தெளிப்பும் பெரிதாகச் சாதிக்காது.

விதை வாங்கும்போது "எதிர்ப்பு ரகமா" என்று மட்டும் கேட்காமல் எந்த நோய்க்கு, எத்தனை மரபணு என்றும் கேளுங்கள். குலைநோய்க்கு எதிர்ப்பு உள்ள ரகம் இலைக்கருகலில் விழுந்துவிடலாம், இரண்டையும் செடி அடையாளம் காணும் மரபணுக்களே வேறு. கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் வேளாண் விரிவாக்க மையத்திலோ பக்கத்து நெல் ஆராய்ச்சி நிலையத்திலோ ரகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் சொல்வார்கள். ஒரே மரபணு உள்ள ரகம்தான் கிடைக்கிறது என்றால் அதையே வருஷா வருஷம் எல்லா வயலிலும் போடாமல், வேறு மரபணு உள்ள இன்னொரு ரகத்தோடு மாற்றி மாற்றிப் போடுங்கள்.